புதுப்பிப்பு: லுக்கப்பில் ஒரு வரி மட்டும் வந்த சிக்கல் தீர்ந்தது

ஒரு வாடிக்கையாளருக்கு மூன்று தொலைபேசி எண்கள் இருந்தும், டேட்டாஸ்டேஜ் (தரவை எடுத்து, இணைத்து, மாற்றும் மென்பொருள்) ஜாபில், அதாவது அதில் நாம் அமைத்து ஓட்டும் வேலையில், ஒன்றுதான் வருகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். சரியாகிவிட்டது, பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

லுக்கப் ஸ்டேஜின் (ஒவ்வொரு வரிக்கும் பொருத்தமான விவரத்தை வேறு பட்டியலில் தேடி எடுக்கும் படி) கன்ஸ்ட்ரெய்ன்ட்ஸ் பெட்டியில், பல வரிகளைத் திருப்பித் தரும் லிங்க் எது என்று நான் தேர்ந்தெடுக்கவே இல்லை. தேர்ந்தெடுத்ததும் மூன்றும் வந்தன.

ஆனால் ஒரு ஸ்டேஜில் ஒரே ஒரு ரெஃபரன்ஸ் லிங்க்குக்குத்தான் (தேடப்படும் பட்டியலிலிருந்து வரும் இணைப்பு) இந்த வசதி. எனக்கு முகவரிகளும் வேண்டும். முகவரியை மட்டும், பட்டியல்களைப் பொருத்திச் சேர்க்கும் ஜாயின் ஸ்டேஜுக்கு மாற்றினேன். அப்புறம் பார்த்தால், மூன்று எண், இரண்டு முகவரி, ஒவ்வொரு எண்ணும் ஒவ்வொரு முகவரியோடும் சேர்ந்து மொத்தம் ஆறு வரிகள்! அதனால் முகவரியைத் தனி ஜாபாகவே பிரித்துவிட்டேன். இரண்டு பட்டியல்களையும் ஒரே ஓட்டத்தில் சேர்க்காதீர்கள், கூட்டுத்தொகைகள் எல்லாம் வீங்கிவிடும்.