ரோட்டரி இன்ஜின் கவுலுக்குள் காற்றழுத்தத்தை அளப்பது எப்படி?

டெக்சஸ்கொட்டகை:

வணக்கம். டெக்சஸில் ஒரு சின்ன விமானத் தளத்தில் ஆர்வி-6 என்ற சிறு விமானத்தைக் கட்டி, மாஸ்டா 13பி ரோட்டரி (பிஸ்டனுக்குப் பதில் சுழலி உள்ள கார் இன்ஜின்) போட்டுப் பறக்கிறேன். சான்று பெறாத இன்ஜின் என்பதால் 40 மணி நேரச் சோதனைப் பறப்பு. இன்னும் அதற்குள்தான் இருக்கிறேன். தண்ணீர் ரேடியேட்டர் வலப்பக்கம், எண்ணெய் கூலர் இடப்பக்கம். இரண்டுக்கும் காற்று வெளியேறும் வழி கவுலின் (இன்ஜினை மூடும் உறை) அடியில் ஒன்றுதான்.

மட்டமாகப் பறக்கும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. 90 நாட் (மணிக்கு 90 கடல் மைல்) வேகத்தில் ஏறும்போதுதான் சிக்கல். வெயில் நாளில் தண்ணீர் 105 டிகிரியைத் தொடுகிறது, எண்ணெய் அதற்கும் மேலே. மூக்கை இறக்கினால்தான் தணிகிறது. தளத்தில் எல்லோரும் முன்வாயைப் பெரிதாக வெட்டச் சொல்கிறார்கள். வெட்டுவதற்கு முன் அளந்து பார்க்க ஆசை. குழாயை எங்கே வைப்பது, எதில் படிப்பது?

சுழலிக்காரர்:

தம்பி, ரம்பத்தை எடுப்பதற்கு முன் கேட்டீர்கள், ரொம்ப சந்தோஷம். வாயைப் பெரிதாக்கி, அதனால் இழுவை மட்டும் கூடி, சூடு அப்படியே நின்ற விமானங்களைப் பார்த்திருக்கிறேன்.

90 நாட்டில் காற்று கொண்டுவரும் இயக்க அழுத்தம் சுமார் 134 மில்லிமீட்டர் நீர்மட்டம் (அந்த அழுத்தம் தண்ணீரை எவ்வளவு உயர்த்தும் என்ற அளவு), அதாவது 5 அங்குலம் சொச்சம். 150 நாட்டில் அதுவே 370ஐத் தாண்டும். ஏறும்போது இன்ஜின் முழு சக்தியில் வெப்பத்தைக் கொட்டுகிறது, உங்கள் கையிருப்போ அந்த 134 மட்டும்தான். அதில் எவ்வளவு ரேடியேட்டர் முகத்துக்கு வந்து சேர்கிறது, எவ்வளவு பின்பக்கம் தேங்கி நிற்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கால் அங்குல அலுமினியக் குழாய் வாங்கி ஒரு முனையை அடைத்துவிடுங்கள். வரிசையாக ஒரு மில்லிமீட்டர் துளைகள் போடுங்கள், புல்லாங்குழல் மாதிரி. ரேடியேட்டர் முகத்திலிருந்து ஓர் அங்குலம் தள்ளி ஒன்று, பின்னால் ஒன்று. துளைகள் காற்றோட்டத்துக்குக் குறுக்கே பார்க்க வேண்டும். எதிரே பார்த்தால் காற்றின் வேகமும் கணக்கில் சேர்ந்துவிடும். துளை போட்டபின் பிசிறை வழித்துவிடுங்கள். எண்ணெய் கூலருக்கும் இதே ஏற்பாடு.

படிக்க, யு வடிவத்தில் வளைத்த மீன்தொட்டிக் குழாயும் சாயத் தண்ணீரும் போதும். ஆனால் ஆட்டமுள்ள காற்றில் தண்ணீர் எகிறும். பழைய விமான வேகமானி கிடைத்தால் இன்னும் நல்லது. முன்குழாயை அதன் பிட்டோ முனையிலும் (எதிர்க்காற்றின் அழுத்தம் வாங்குவது) பின்குழாயை ஸ்டாட்டிக் முனையிலும் (சுற்றியுள்ள வெளிக்காற்றின் அழுத்தம் வாங்குவது) மாட்டுங்கள். 52 நாட் காட்டினால் ரேடியேட்டர் குறுக்கே 45 மில்லிமீட்டர் என்று பொருள். அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் போவதால், 52க்கும் 60க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவதைவிடப் பெரியது.

ஒப்பிட விமானத்தின் ஸ்டாட்டிக் அழுத்தத்தைத்தான் எடுக்க வேண்டும். காக்பிட் காற்று உதவாது, ஜன்னல் இடுக்கும் வென்டும் அதை மாற்றிக்கொண்டே இருக்கும். ஸ்டாட்டிக் குழாயில் கிளை எடுத்தால், பறப்பதற்கு முன் கசிவு பாருங்கள். வேகமும் உயரமும் அதே குழாயை நம்பித்தான் இருக்கின்றன. சோதனை முடிந்து கழற்றியபின் இன்னொரு முறையும் பாருங்கள்.

எண்ணெயைச் சும்மா விடாதீர்கள். ரோட்டரியில் சுழலிகளை உள்ளிருந்து குளிர்விப்பது எண்ணெய்தான். பிஸ்டன் இன்ஜின் கணக்கில் சின்னக் கூலர் வைத்தால் தாங்காது.

மின்னணுபிரியன்:

ஆர்டுயினோ மாதிரி சின்னக் கணினிப் பலகை ஏதாவது கையில் இருந்தால் எம்பிஎக்ஸ்வி7002டிபி அழுத்த சென்சார் பாருங்கள் அண்ணா. 5 வோல்ட் கொடுத்தால் நடுப்புள்ளி 2.5 வோல்ட், ஒரு கிலோபாஸ்கலுக்கு ஒரு வோல்ட் ஏறும். 2 கிலோபாஸ்கல் வரை அளக்கும், அதாவது சுமார் 200 மில்லிமீட்டர் நீர். ரேடியேட்டர் குறுக்கே அளக்க அது தாராளம். வேகமாகப் பறக்கும்போது முன்முகத்தைத் தனியாக அளக்க 7007 எடுங்கள். இன்ஜினை முடுக்குமுன் பூஜ்யத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள், சூட்டில் நகரும்.

டெக்சஸ்கொட்டகை:

அளந்துவிட்டேன். 90 நாட்டில் ஏறும்போது, ஸ்டாட்டிக்கோடு ஒப்பிட்டு, தண்ணீர் ரேடியேட்டர் முன்னால் 105 மில்லிமீட்டர், பின்னால் 60. எண்ணெய் கூலர் முன்னால் 70, பின்னால் 58.

சுழலிக்காரர்:

அருமை. தண்ணீர்ப் பக்கம் 134இல் 105 வந்து சேர்கிறது, உங்கள் முன்வாய்க்கு ஒரு குறையும் இல்லை. அதைத் தொடவே வேண்டாம். பின்னால் 60 நிற்கிறதே, அங்கேதான் கோளாறு. கவுலின் அடிவயிறு நிரம்பிக் கிடக்கிறது. வெளிவழி போதவில்லை, அல்லது ரேடியேட்டரைச் சுற்றி இடுக்கு வழியாகக் காற்று உள்ளே குதிக்கிறது. முதலில் ரப்பர் பட்டைகளைப் பாருங்கள், அது காசில்லாத வேலை. அப்புறம் வெளிவழியின் விளிம்பில் தகடு ஒன்றைத் தற்காலிகமாகக் கீழ்நோக்கி வளைத்து மாட்டி, பின்பக்க எண் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் திறந்து மூடும் மடல் செய்யலாம். ஏறும்போது திறந்து, மட்டமானதும் மூடிவிடலாம்.

எண்ணெய்ப் பக்கம் வேறு நோய். அங்கே கிட்டத்தட்ட பாதி முகத்துக்கு வரும் முன்பே தொலைந்துபோகிறது. வாயிலிருந்து கூலர்வரை விரியும் குழாய் சட்டென்று அகன்றிருக்கும், காற்று சுவரைவிட்டுப் பிரிந்து சுழலும். உள்சுவரில் நூல்துண்டுகள் ஒட்டிச் சின்னக் கேமரா வைத்தால் தெரிந்துவிடும். புல்லாங்குழல் குழாய் சராசரியைத்தான் காட்டும் என்பதால், கூலரின் நாலு மூலைக்கும் தனித்தனிக் குழாய் வைத்துப் பாருங்கள். ஒரு மூலை செத்திருந்தால் அந்தப் பக்கச் சுவரை மாற்ற வேண்டும். குழாயைக் கடைசிவரை ஒடுக்கமாக வைத்து, கூலரை நெருங்கியபின் எக்காளம்போல விரித்தால் காற்று பிரிவதில்லை. கூலரின் தடையே அதைப் பரப்பிவிடும்.

டெக்சஸ்கொட்டகை:

வலது ரேடியேட்டரின் கீழ் விளிம்பில் விரல் நுழையும் அளவு இடைவெளி இருக்கிறது. இன்று அதை அடைத்துவிட்டு, தகடு இல்லாமல் ஒரு முறை, தகட்டோடு ஒரு முறை அளக்கப் போகிறேன். நூல்துண்டுப் படத்தை அதற்கப்புறம் போடுகிறேன்.