கிரில்டு சீஸ்: பிரெட் கருகுது, சீஸ் உருக மாட்டேங்குது. அவசரம்!

கோவை_கவி: சாயங்காலம் பையனோட ஃப்ரெண்ட்ஸ் வர்றாங்க, கிரில்டு சீஸ் சாண்ட்விச் தர்றேன்னு சொல்லிட்டேன். பிரெட் வெளியில கருகிடுது, உள்ள சீஸ் அப்படியே நிக்குது. என்ன பண்ணட்டும்? சீக்கிரம் சொல்லுங்க.

சங்கரி_சமையல்: என்ன சீஸ் மா? ஸ்லைஸா, க்யூபா, துருவினதா? தோசைக்கல்லா, சாண்ட்விச் மேக்கரா? பனீர் வச்சிருந்தா அது உருகவே உருகாது.

நெய்_ராஜா: வெண்ணெய் தடவுறீங்களா? அதுதான் காரணம். வெண்ணெய்ல கொழுப்பு 80 சதவீதம்தான், மிச்சத்துல தண்ணியும் பால் திடப்பொருளும் இருக்கு. அந்தத் திடப்பொருள்தான் முதல்ல கருகும். நெய்க்கு மாறுங்க.

சங்கரி_சமையல்: நெய் தடவினா பிரெட் பிழைக்கும். சீஸ் எப்படி உருகும் தம்பி?

பால்பண்ணை: இது இங்க பலமுறை பேசியாச்சு. தேடிப் பார்த்துட்டுக் கேட்கிற பழக்கம் யாருக்கும் இல்ல. மறுபடி சொல்றேன், கவனமா படிங்க. சாண்ட்விச்சுக்கு ப்ராசஸ்டு சீஸ்தான், அதாவது சீஸை உப்புகள் சேர்த்து உருக்கி மறுபடி செஞ்சது, அமுல் க்யூப் மாதிரி. பாக்கெட் பின்னாடி 331, 339னு எமல்சிஃபையர் எண் இருக்கும். சிட்ரேட், பாஸ்பேட் உப்புகள். கொழுப்பும் புரதமும் பிரியாம அதுதான் பிடிச்சு வைக்குது. நாள்பட்ட செடார் மட்டும் போட்டா எண்ணெய் கக்கும். மொஸரெல்லா இழுபடும், ருசி கம்மி. எனக்குப் பிடிச்சது பாதி அமுல் க்யூப், பாதி செடார்.

கோவை_கவி: பாக்கெட்ல துருவியே வர்ற மொஸரெல்லா. ஃப்ரீசர்ல இருந்து எடுத்து நேரா போட்டேன். இரும்பு தோசைக்கல், நல்லா காய வச்சேன்.

சங்கரி_சமையல்: இதை முதல்லயே சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும் கண்ணு! துருவின பாக்கெட்ல ஒட்டாம இருக்க மாவு தூவியிருப்பாங்க, அது உருகுறதைக் கெடுக்கும். சீஸை வெளியில எடுத்து குளிர் போக விடு. கல்லு லேசா சூடானா போதும். அடுப்பு சிம்ல, மேல மூடி. பிரெட் மெல்லிசா இருக்கட்டும்.

மொறுமொறு: வெளிப்பக்கம் மயோனைஸ் தடவிப் பாருங்க. சீரா செவக்கும், கருகாது. எனக்கு வெண்ணெயை விட இதுதான்.

நெய்_ராஜா: மயோனைஸ் தமிழ்நாட்டுல தடை பண்ணாங்களே? குழந்தைங்களுக்குக் கொடுக்கலாமா?

மொறுமொறு: பச்சை முட்டையில செஞ்சதைத்தான் 2025 ஏப்ரல் 8லேர்ந்து ஒரு வருஷத்துக்குத் தடை பண்ணாங்க. முட்டை இல்லாத மயோனைஸுக்கு அது பொருந்தலை.

நெய்_ராஜா: எதுக்கு வம்பு? வீட்டுல நெய் இருக்கு.

தாதர்_தமிழன்: உள்ள பச்சை சட்னி தடவுங்க. பம்பாய் தெருக்கடையில சட்னி, வேகவச்ச உருளைக்கிழங்கு, வெங்காயம் இல்லாம டோஸ்டே கிடையாது. வெறும் சீஸ் திகட்டும்.

பால்பண்ணை: அது பம்பாய் டோஸ்ட். அவங்க கேட்டது கிரில்டு சீஸ். ரெண்டையும் குழப்பாதீங்க. தக்காளியும் வெள்ளரியும் வச்சா தண்ணி விட்டு பிரெட் சொதசொதன்னு ஆகும்.

தாதர்_தமிழன்: சட்னியைக் கெட்டியா, தண்ணி விடாம அரைச்சா ஆகாது சார். பிரெட்டுக்கு முதல்ல வெண்ணெய் தடவி, அதுக்கு மேலதான் சட்னி. ஈரம் உள்ள இறங்காது.

கோவை_கவி: சிம்ல மூடி வச்சேன், உருகிடுச்சு! ரொம்ப நன்றிக்கா. பசங்க வந்துட்டாங்க.

சங்கரி_சமையல்: சந்தோஷம் மா. அதே பாக்கெட் சீஸா, க்யூப் வாங்கித் துருவினியா?

பால்பண்ணை: நெய்யா வெண்ணெயான்னும் சொல்லுங்க.