புதுப்பிப்பு: அப்பத்தாவுக்கு வந்தது படர்தாமரை இல்லை

அப்பத்தாவுக்கு மார்புக்கு அடியில் ஓயாத அரிப்பு, படர்தாமரையா என்று முன்பு கேட்டிருந்தேன். காரைக்குடியில் தோல் டாக்டரிடம் காட்டினோம். கேண்டிடா என்ற ஈஸ்ட், அதாவது ஒரு வகைப் பூஞ்சைத் தொற்றாம்.

படர்தாமரை வட்டமாகப் பரவும், நடுவில் தோல் தெளிந்துவிடும். இது மடிப்பு முழுக்க ஈரமாக, செக்கச்செவேலென்று இருந்தது. ஓரத்தைத் தாண்டிச் சின்னச் சின்னச் சிவப்புப் பொரிகள் தனித்தனியாகத் தெறித்திருந்தன. அதைத்தான் டாக்டர் முக்கிய அடையாளமாகக் காட்டினார். ரத்தத்தில் சர்க்கரையும் ஏறியிருந்தது, அதுவும் இந்தத் தொற்றுக்குத் தோதாம்.

குளோட்ரிமசோல் என்ற பூஞ்சைக்கான களிம்பு, மடிப்பை ஒற்றித் துடைத்து உலர வைப்பது, இப்போதைக்கு இதுதான் வைத்தியம். அரிப்பு அடங்கி வருகிறது.

“இதைப் போய் டாக்டரிடம் காட்டுவதா” என்று இத்தனை நாள் மறைத்திருக்கிறார்கள், மனசு கேட்கவில்லை. வீட்டுப் பெரியவர்களிடம் நீங்களாகவே கேளுங்கள். அப்புறம், ஸ்டீராய்டு கலந்த களிம்பைக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். அரிப்பு அடங்கினாலும் பூஞ்சை பரவும்.