பழைய கணினிகளில் நெட்வொர்க் இமேஜிங் தோல்வி: குறை பெட்டியிலா, சுவிட்சிலா?

ஆய்வகப் பொறுப்பாளர்:
எங்கள் கல்லூரி ஆய்வகத்தில், ஜி41 மதர்போர்டும் கோர் 2 டுவோ பிராசஸரும் கொண்ட 28 கணினிகளுக்கு ஃபாக் (நெட்வொர்க் வழியாக டிஸ்க் நகலை ஏற்றும் மென்பொருள்) சர்வரிலிருந்து ஒரே இமேஜை, அதாவது ஒரே டிஸ்க் நகலை, ஏற்றினேன். 19 கணினிகளில் வேலை முடிந்தது. ஐந்து கணினிகள் ஐபி முகவரியே கிடைக்காமல், ‘பிஎக்ஸ்இ-இ51’ (பிஎக்ஸ்இ: நெட்வொர்க் வழியாகக் கணினியைத் தொடங்கும் முறை) என்ற பிழையுடன் தொடக்கத்திலேயே நின்றுவிட்டன. நான்கு கணினிகள், இமேஜை டிஸ்கில் எழுதும் பார்ட்குளோன் ஓடும்போது பாதியில் நின்றன. சென்ற மாதம் பழைய சாதாரண சுவிட்சை எடுத்துவிட்டு போர்ட் அமைப்புகளை மாற்றக்கூடிய மேனேஜ்டு சுவிட்சைப் பொருத்தினோம். வேறு மாற்றம் எதுவுமில்லை. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

பழுதுநீக்குநர்:
இவ்வளவு பழைய பெட்டிகளுக்கு நெட்வொர்க் வழி இமேஜிங்கே வேண்டாம். டிஸ்க் நகலை ஏற்றும் மென்பொருளான குளோன்சில்லாவையும் இமேஜையும் வெளி எஸ்எஸ்டி ஒன்றில் வைத்து ஒவ்வொன்றாக ஏற்றிவிடுங்கள். அந்த மதர்போர்டில் யூஎஸ்பி 2.0 மட்டுமே இருப்பதால் விநாடிக்கு ஏறத்தாழ 30 எம்பிதான் கிடைக்கும். ஆனாலும் வேலை முடியும். சுவிட்ச் காரணமாக இருந்தால் 28 கணினிகளும் நின்றிருக்க வேண்டும், 19 ஓடியிருக்கின்றனவே.

வலைப்பின்னல் ஊழியர்:
அந்தக் கடைசி வாதத்தை என்னால் ஏற்க இயலவில்லை. சுவிட்சில் ஸ்பானிங் ட்ரீ (வலைப்பின்னலில் தரவு சுற்றிச்சுற்றி வராமல் தடுக்கும் ஏற்பாடு) இயங்கினால், லிங்க் (கேபிள் இணைப்பு) எழுந்த போர்ட்டை 15 விநாடி கேட்கும் நிலையிலும் மேலும் 15 விநாடி கற்கும் நிலையிலும் வைத்த பிறகே அது தரவைக் கடத்தும். பிஎக்ஸ்இ விதிப்படி கணினி நான்கு முறை முகவரி கேட்கும். காத்திருக்கும் நேரம் முறையே 4, 8, 16, 32 விநாடிகள். கணக்கிட்டுப் பாருங்கள்: நான்காவது கோரிக்கை 28ஆவது விநாடியில் போகிறது, போர்ட் திறப்பதோ 30ஆவது விநாடியில். லிங்க் இரண்டு மூன்று விநாடி முன்னதாக எழுந்த கணினி தப்பிவிடும், மற்றது இ51 காட்டும். ஒரே மாதிரி பெட்டிகளில் சில மட்டும் நிற்பதற்கு இதுவே போதும். சோதிப்பதும் எளிது: கழற்றி வைத்த பழைய சுவிட்சை, நின்றுபோன கணினிக்கும் புதிய சுவிட்சுக்கும் இடையில் செருகுங்கள். கணினி மறுதொடக்கம் ஆனாலும் புதிய சுவிட்சின் பக்கம் லிங்க் விழாது. அப்போது முகவரி கிடைத்தால் குறை போர்ட் அமைப்பில்தான்.

பழுதுநீக்குநர்:
ஐந்துக்கு உங்கள் விளக்கம் பொருந்தலாம். பாதியில் நின்ற நான்கையும் நெட்வொர்க்கின் தலையில் கட்ட முடியாது. நான் முதலில் கேட்பது ஒன்றே: ஒவ்வொரு முறையும் அதே சதவீதத்தில் நிற்கிறதா, இடம் மாறுகிறதா? அதே இடம் என்றால் ஹார்டு டிஸ்கைச் சந்தேகியுங்கள். டிஸ்க் தன் நிலையைத் தானே பதியும் ஸ்மார்ட் அட்டவணையில் 5 (மாற்றப்பட்ட பழுதான பகுதிகள்), 197 (படிக்க முடியாமல் நிலுவையில் உள்ள பகுதிகள்) ஆகிய எண்களைப் பாருங்கள். இடம் மாறினால் ரேம். சுருக்கிய இமேஜை விரிக்கும்போது ஒரு பிட் பிறழ்ந்தாலும் போதும். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓர் இரவு ஓடட்டும்.

வலைப்பின்னல் ஊழியர்:
நல்ல கேள்வி. அதனுடன் ஒன்றைச் சேர்க்கிறேன்: அதே அட்டவணையில் 199ஆவது எண் (தரவுப் பரிமாற்றப் பிழைகள்) உயர்ந்தால் டிஸ்க் கெட்டுவிட்டது என்று எறியாதீர்கள், அது பெரும்பாலும் டிஸ்கை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிளின் குறை. மல்டிகாஸ்டில் (எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் முறை) ஏற்றினால், எல்லோரும் பெற்றுக்கொள்ளும் வரை அனுப்பும் சர்வர் காத்திருப்பதால், மெதுவாக இழுத்துக்கொண்டிருக்கும் ஒரு டிஸ்க் எல்லாக் கணினிகளையும் தன் வேகத்துக்கு இறக்கிவிடும்.

ஆய்வகப் பொறுப்பாளர்:
இருவருக்கும் நன்றி. பழைய சுவிட்சை இடையில் வைத்தவுடன் ஐந்து கணினிகளும் முகவரி பெற்றன. பிறகு அந்த போர்ட்டுகளில் போர்ட்ஃபாஸ்ட் (காத்திருக்காமல் போர்ட்டை உடனே திறக்கும் அமைப்பு) இயக்கியதும் நேரடியாகவே தொடங்கின. நான்கில் இரண்டு ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிற்கின்றன, இரண்டிலும் 197 பூஜ்யமில்லை. ஒன்றில் மெம்டெஸ்ட் சிவப்பு வரிகளைக் காட்டியது. ஒரு ரேம் துண்டை எடுத்ததும் இமேஜ் முழுதாக ஏறியது. நான்காவது 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கி இழுத்துக்கொண்டிருந்தது. அதன் நெட்வொர்க் கேபிள் முனையைப் பிரித்துப் பார்த்தால் நான்கு கம்பிகள் மட்டுமே கிரிம்ப் செய்யப்பட்டிருந்தன. கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும்.

பழுதுநீக்குநர்:
அப்படியானால் நான்கில் மூன்று பெட்டிக்குள் இருந்த குறை. அந்த இரண்டு டிஸ்குகளிலும் மறுபடி இமேஜ் ஏற்ற வேண்டாம். மாணவர் கோப்பு ஏதேனும் இருந்தால் முதலில், பழுதான டிஸ்கிலிருந்து தரவை மீட்கும் டிடிரெஸ்க்யூ கொண்டு எடுத்துவிடுங்கள்.

வலைப்பின்னல் ஊழியர்:
மொத்தம் ஒன்பதில் ஆறு, பெட்டிக்கு வெளியே. மற்ற கேபிள்களையும் அதே கைதான் கிரிம்ப் செய்திருக்கும், எல்லாவற்றையும் சோதியுங்கள்.