வைக்காட்டோ மாடும் பொகவந்தலாவை மாடும்

இலங்கையில் பால்மா (பால் தூள்) தட்டுப்பட்டு மக்கள் வரிசையில் நின்றதைப் பற்றித்தான் இங்கே பலரும் எழுதியிருக்கிறீர்கள். 2021 அக்டோபரில் கட்டுப்பாட்டு விலையை நீக்கி, 400 கிராம் பக்கற் 380 ரூபாவிலிருந்து 480க்குத் தாவிய காலம் யாருக்கும் மறக்காது. நான் சொல்ல வந்தது வேறு. இரண்டு தீவு நாடுகளின் மாட்டுக்காரர்கள் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சந்தித்துக்கொண்ட கதை.

மச்சான் நியூசிலாந்தில், வைக்காட்டோவில் ஒரு பாற்பண்ணையில் வேலை செய்கிறார். விடுமுறைக்கு வந்திருந்தார். அதே நாட்களில் வைத்தியத்துக்காகக் கொழும்புக்கு வந்த நண்பர் ஒருவரும் எங்களோடு தங்கினார். மலையகத்துப் பொகவந்தலாவையில், தோட்டத் தொழிலாளர்களின் லயம் என்ற வரிசை வீடுகளுக்குப் பின்னால் இரண்டு பசு வளர்ப்பவர்.

மச்சான் கைபேசியில் சுழலும் கறவை மேடையைக் காட்டினார். பசு தானாக ஏறுகிறது. மேடை ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் கறந்து முடிகிறது. தானாக இறங்கிப் போகிறது. அங்கே சராசரிப் பண்ணைக்கு நானூறுக்கும் மேற்பட்ட மாடுகள். நண்பர் அதற்கெல்லாம் அசரவில்லை.

“சாணியை என்ன செய்வீர்கள், அண்ணன்?”

“தண்ணீர் அடித்துக் குட்டையில் சேர்த்து, மேய்ச்சல் நிலத்துக்கே தெளித்துவிடுவோம்.”

“அநியாயம்! எங்களுக்குப் பால் வற்றினாலும் சாணிக் காசு வற்றாது. மரக்கறித் தோட்டக்காரர்கள் லொறியோடு வந்து ஏற்றுவார்கள். அது சரி, புல் யார் அறுப்பது?”

“மாடே போய்த் தின்னும், தம்பி.”

நண்பருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் தோட்ட வேலை முடிந்து, ஓடைக்கரையிலும் வீதியோரத்திலும் புல் அறுத்து, கட்டித் தலையில் சுமந்து வருகிறவர். போதாததற்குப் புண்ணாக்கு, அதுவும் கடனுக்கு. அங்கே மின்கம்பி வேலிக்குள் மாட்டை இடம் மாற்றி மாற்றி மேயவிடுகிறார்கள். வசந்தத்தில் புல் கொழிக்கும்போது பாலும் பெருகவேண்டும் என்று கணக்குப் போட்டு, ஜூலை, ஆகஸ்டில் கன்று ஈனச் செய்கிறார்கள். 1984இலேயே விவசாய மானியங்களை வெட்டத் தொடங்கிய நாடு அது. உற்பத்தியில் பெரும்பகுதியை ஏற்றுமதி செய்து, உலகச் சந்தை விலையில் பிழைக்க முடிகிறதென்றால், அந்தப் புல்லை விட்டால் வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

நம்மவர்களோ மாட்டை மட்டும் கப்பலில் இறக்கினார்கள். 20,000 கறவை மாடுகள் என்ற திட்டத்தில் 2017இல் 5,000 வந்தன. நோயும் குறைந்த கறவையுமாக, கடன்பட்டு வாங்கியவர்கள் பலர் நொந்துபோனார்கள். நல்ல இனம் வேண்டாமென்று சொல்லவில்லை. தீனிக்கு வழி சொல்லாமல் இனத்தை மாற்றிப் பயன் என்ன?

மேய்ச்சல் தரை நம்மிடமும் இல்லாமலில்லை. மட்டக்களப்பில் மயிலத்தமடு, மாதவனைத் தரை பறிபோகிறதென்று 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். கொழும்பில் பால்மா விலைக்கு எழும்பிய சத்தத்தில் கால்வாசிகூட அதற்கு எழும்பவில்லை. அந்தப் பக்கம் மாடு வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்: இப்போது பட்டியை எங்கே கொண்டுபோய் மேய்க்கிறீர்கள்?