மெய்தேய் மக்களின் சனாமகி கதை நம் மாம்பழக் கதையிலிருந்து போனதா?

கேட்டவர்: சமய வகுப்பு ஆசிரியை, சுங்கை சிப்புட்

வணக்கம். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் ஞாயிறு வகுப்பில் மாம்பழக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, மணிப்பூரின் மெய்தேய் மக்களிடமும் இப்படியொரு கதை உண்டு என்று மாணவி ஒருத்தி சொன்னாள். உலகை முதலில் வலம் வருபவனுக்கே அரியணை என்று தந்தை அறிவிக்க, ஒரு மகன் புறப்பட்டுப் போக, மற்றவன் தந்தையைச் சுற்றிவந்தே வென்றானாம். அது நம்மிடமிருந்து போன கதைதானா? அவளுக்குத் தவறாகச் சொல்லிவிடக் கூடாது என்பதால் கேட்கிறேன்.

ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணி, கோல கங்சார்

அம்மா, உங்கள் மாணவி சொன்னது சரிதான். தந்தை அதியா குரு சிதபா. தாய் லெய்மரேல் சிதபி. மூத்தவரான சனாமகி உலகைச் சுற்றப் போயிருந்த வேளையில், இளையவரான பாக்கங்பா தாய் சொல்லிக்கொடுத்தபடி தந்தையின் அரியணையை வலம் வந்து அரசைப் பெற்றார். நம் கதையில் வென்றவர் மூத்தவர் என்பதைக் கவனியுங்கள். அதைவிடப் பெரிய வேற்றுமை பிறகுதான் வருகிறது. பழம் கிடைக்காத முருகன் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் பழனிமலைக்குப் போனார். சினந்து திரும்பிய சனாமகியோ, தந்தை சமாதானம் செய்தபின், வீடுதோறும் வழிபடப்படும் தெய்வமானார். இன்றும் மெய்தேய் வீடுகளில் தென்மேற்கு மூலை அவருக்கு உரியது. லயத்து வீட்டில் இடமே இல்லாதபோதும் சாமி மேடைக்கென ஒரு மூலையை ஒதுக்கிவைத்த என் தாயாரை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நூலகப் பணியாளர், ஈப்போ

கிராணி ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கதைகள் ஒத்திருப்பதை மட்டும் வைத்து, கடன் வாங்கியது என்று வகுப்பில் சொல்லிவிட வேண்டாம். 18-ஆம் நூற்றாண்டில் வைணவத்தைத் தழுவிய மன்னர் பாம்ஹெய்பாவின் ஆட்சியில், புயா எனப்படும் பழஞ்சுவடிகள் பல எரிக்கப்பட்டன; ஒரு மக்கள் தங்கள் பழமையை எடுத்துக்காட்டும் சான்றுகளையே அப்படி இழந்திருக்கும்போது, அவர்களுடைய கதையையும் நம்முடையது என்று உரிமை கொண்டாடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. மேலும், பாக்கங்பா பிள்ளையாரின் மறுவடிவம் அல்லர். தன் வாலைத் தானே கவ்விய நாகமாக வரையப்படுபவர் அவர். அரச மரபும் அவர் பெயரோடுதான் தொடங்குகிறது. செய்தாரோல் கும்பாபா என்னும் அரசவைக் குறிப்பேடு, கி.பி. 33-இல் முடிசூடிய நோங்தா லைரேன் பாக்கங்பாவை முதல் மன்னராகக் குறிக்கிறது. சுவடிகள் எரிந்தாலும் வழிபாடு அழியவில்லை: லாய் ஹராவோபா விழாவில் மைபி எனப்படும் பெண் பூசாரிகள், உடல் உருவானதையும் வீடு கட்டியதையும் பருத்தி விதைத்து நெய்ததையும் இன்றும் ஆடிக் காட்டுகிறார்கள்.

சமய வகுப்பு ஆசிரியை

இருவருக்கும் நன்றி. வரும் ஞாயிறன்று தென்மேற்கு மூலையிலிருந்தே தொடங்குகிறேன். தத்தம் வீட்டுச் சாமி மேடை எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்த்துவரும்படி பிள்ளைகளிடம் இன்றே சொல்லிவிடுகிறேன்.