என்ஜின் ஆயிலை நானே மாற்றலாமா?

கேள்வி: இதுவரை டீலரிடம்தான் ஆயில் மாற்றினேன். போன தடவை அவர்கள் ஆயிலை வடிக்கும் டிரெய்ன் போல்ட்டை முறுக்கிய முறுக்கில் மரையே போய்விட்டது. இனி நானே மாற்றினால் வாரண்டி போய்விடுமா?

பதில்: தாராளமாகச் செய்யுங்கள். வண்டிக் கையேட்டில் 5டபிள்யூ-30 (ஆயிலின் தடிமன் குறியீடு) என்றிருந்தால் அதையேதான் ஊற்ற வேண்டும். ஆயில், ஃபில்டர் வாங்கிய ரசீதுகளைத் தேதி, கிலோமீட்டரோடு பத்திரமாக வையுங்கள், வாரண்டி பேச்சு வந்தால் அது கைகொடுக்கலாம்.

பதில்: ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டு வேண்டும். என்ஜின் இளஞ்சூடாக இருக்கும்போது போல்ட்டைத் திறந்தால் ஆயில் சீக்கிரம் இறங்கும், அப்புறம் பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்; நான் பார்க்காமல் அதன் மேலேயே புதியதை மாட்டி, தரையெல்லாம் ஆயில்!

பதில்: எனக்கு டீலரே சரி. பழைய ஆயிலை யாரிடம் கொடுப்பது? சாக்கடையில் ஊற்றவும் கூடாது.